பச்சைக் கடுகு

கோத்தகிரிக்கு மேலே ஒரு சிறிய மடம். அங்கே ஜன்னலைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது மேகம். பாத்திரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, யாரும் கவனிக்காதபோது போய்விடும்.

அந்த மடத்தின் குரு நாச்சியாருக்கு நாற்பது வயது. உபதேசம் என்று எதுவும் செய்வதில்லை. வருகிறவர்களுக்குச் சமையலறையில் வேலை கொடுப்பார். சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்று காலை அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

“என் மகள் பூங்கோதைக்கு எழுதினது. படிச்சுப் பாருங்கம்மா.”

நான்கு பக்கம். நாச்சியார் நிதானமாகப் படித்தார்.

“எத்தனை தடவை எழுதுனீங்க?”

“ஏழு தடவை. இப்பதான் சரியா வந்திருக்கு.”

“வாசனையா இருக்குங்க ஐயா.”

தணிகாசலம் சந்தோஷப்பட்டார். பிறகு முகம் வாடியது. மூன்று வாரத்துக்கு முன் பூங்கோதை போனில், கணவனைப் பிரிந்து கோயம்புத்தூரில் விடுதியில் இருப்பதாகச் சொன்னாள். ஏன் என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் இவர், “இனிமே என் வாசப்படி மிதிக்காதே” என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவள் போனை எடுக்கவே இல்லை. இருப்பது ஒரே மகள். அவள் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“பத்து மணி பஸ்ஸுல போய்க் கையில குடுத்துடலாம்னு இருக்கேன். சொன்ன சொல் சொன்னதுதானே? இனி உறவு ஒட்டுமாம்மா?”

நாச்சியார் தோட்டத்தில் இருந்து வந்த புரோக்கோலியை அவர் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு பூவிலும் பனித்துளி உட்கார்ந்திருந்தது.

“இதை நறுக்கி வேக வைங்க. பேசலாம்.”

அவர் மளமளவென்று நறுக்கினார். கையோடு இட்லிப் பானைத் தட்டில் கொட்டி மூடினார். ஆவியும் மேகமும் கலந்து, எது எதுவென்று தெரியாமல் அறை வெளுத்தது. வெளியே எங்கோ ஒரு பசுவின் மணி கேட்டது. திறந்தபோது காய் குழைந்திருந்தது.

“கை ரொம்ப வேகம்” என்றார் நாச்சியார்.

“தப்பாம்மா?”

“இந்தச் செடி ஒரு அறையில சரக்கை வெச்சிருக்கும், பக்கத்து அறையில சாவியை வெச்சிருக்கும். கத்தி பட்டா நடுச்சுவர் இடியும். ரெண்டும் சேரும். அப்பதான் உடம்புக்கு வேண்டிய மருந்தே பிறக்கும். நறுக்கிட்டு முக்கால் மணி நேரம் சும்மா விடணும். நீங்க உடனே அடுப்புல போட்டுட்டீங்க. சூட்டுல சாவி உருகிப்போச்சு.”

தணிகாசலம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இது வீணா? கொட்டிடட்டுமா?”

“எதுக்குக் கொட்டணும்? சரக்கு மிச்சம் உள்ளதான் இருக்கு. திறக்கத்தான் ஆள் இல்ல. அதே சாவி அதோட சொந்தத்துக்கிட்டயும் இருக்கும். முள்ளங்கி, முட்டைக்கோசு, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். கடுகு எடுங்க.”

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. வாணலியை வைத்தார், எண்ணெய் ஊற்றினார், கடுகைப் போட்டார். படபடவென்று வெடித்தது. கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டார். அறை கமகமத்தது.

நாச்சியார் சிரித்துவிட்டார்.

“வாசனையா இருக்குங்க ஐயா. ஆனா வெடிச்ச கடுகும் வெந்த கடுகுதான். அதுக்கிட்டயும் சாவி இல்ல.”

தணிகாசலம் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் பார்வை மெதுவாக அலமாரியில் இருந்த கடிதத்துக்குப் போனது. முதலில் அதைப் படித்துவிட்டும் நாச்சியார் ‘வாசனையா இருக்கு’ என்றுதான் சொன்னார்.

நாச்சியார் ஒரு சிட்டிகை வறுக்காத பச்சைக் கடுகை இடித்தார். வெந்த காயின் மேல் தூவினார். கொஞ்ச நேரம் அப்படியே ஊற விட்டார்.

“இப்ப சாப்பிடுங்க.”

ஒரு வாய்தான் வைத்தார். மூக்கில் சுர்ரென்று ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. காரம் அடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. மூன்று வாரமாக அவர் அழுதிருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“எரியுதா?”

“எரியுதும்மா.”

“பச்சையா இருந்தா எரியத்தான் செய்யும்.”

அவர் முகம் கழுவிவிட்டு வந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கடிதத்தை அலமாரியிலேயே விட்டுவிட்டார். கீழே வளைவில் பஸ்ஸின் விளக்குகள் மேகத்துக்குள் இரண்டு மஞ்சள் பூக்களாக வந்துகொண்டிருந்தன.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“எழுதினது எதுவும் இப்ப ஞாபகத்துல இல்ல. அவகிட்ட நான் என்னம்மா சொல்றது?”

நாச்சியார் அடுத்த பூவை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கியதை ஒரு தட்டில் பரப்பி, அடுப்பில் இருந்து தள்ளி வைத்தார்.

“அன்னிக்கு உங்க மக சொல்ல வந்தது பாதியில நிக்குதே, அதைக் கேளுங்க. கேட்ட கையோட அடுப்புல போட்டுடாதீங்க.”