செருப்போடு வந்த வீட்டுக்காரர்

திருப்பூரில் ஒரு மாடி அறையில் மயிலாத்தாள் தனியாகக் குடியிருந்தாள். பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து பிரிட்ஜைத் தொட்டால் கை சுர்ரென்று இழுத்தது. வீட்டுக்காரர் தண்டபாணியிடம் மூன்று முறை சொன்னாள். கடைசியில் அவர் கீழ்வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார்.

“தனியா இருக்கறவங்களுக்கு இப்படித்தான் பிரமை வரும். கரண்ட் எங்க இருக்குது, எல்லாருக்கும் காட்டு அம்மணி” என்றபடியே பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. வந்தவர்கள் சிரித்தார்கள்.

மயிலாத்தாள் அவர் காலைப் பார்த்தாள். “ஏனுங்க, வாசப்படியிலயே செருப்பைக் கழட்டச் சொல்றவர் நீங்க. இன்னிக்கு மட்டும் ரப்பர் செருப்போட உள்ளே வந்துட்டீங்களே. கழட்டிட்டு ஒருக்கா தொடுங்க.”

தண்டபாணி கையை எடுத்துவிட்டார். சிரிப்பு நின்றது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்டைப் பிரித்தார். எர்த் கம்பியே மாட்டியிருக்கவில்லை. “ஈரக் கையோட பிடிச்சிருந்தா உசுரே போயிருக்கும்க்கா” என்று சொல்லி, சரிசெய்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. தண்டபாணி முழித்த முழியை யாரிடமாவது நடித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்துப் பேர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். எந்தப் பேரிலும் விரல் நிற்கவில்லை.