கணினி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. யாரும் உட்கார்ந்து நிரல் எழுதவில்லை. வேண்டியதை வாயால் சொன்னால் போதும், கேட்டுச் செய்யும். பழக்குகிறவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே அதுவும் பேசப் பழகிவிடும். வம்பே அங்கேதான் வந்தது.

மலையடிவாரத்து அணை ஒன்றை அப்படியொரு கணினிதான் பார்த்துக்கொண்டது. அதற்குப் பொறுப்பு இசக்கியம்மாள். அவளுக்குக் கீழே இரண்டு பேர். சற்குணத்துக்கு ராஜா ராணி நாடகம் என்றால் உயிர். மதகு திறக்கும் பகுதிக்கு அரசவைத் தமிழைக் கற்றுக்கொடுத்தான். ராயபுரத்து ஆரோன் மட்டும் சும்மா இருப்பானா? ஆபத்துக்குச் சங்கு ஊதும் பகுதிக்குத் தன் தெருப் பேச்சைப் பழக்கினான். முதலில் இசக்கியம்மாளும் சிரிக்கத்தான் செய்தாள். மதகு திறக்கும்போதெல்லாம் 'மாமன்னா' என்று கூப்பிட வேண்டி வந்ததும் அலுத்துப்போனாள். மாற்றுங்கள் என்று இருவரிடமும் சொன்னாள். நாளைக்கு என்றார்கள். மறுநாளும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் மலையில் பெய்த மழை அணைக்குள் திபுதிபுவென்று வந்தது. சற்குணமும் ஆரோனும் சாப்பிடப் போயிருந்தார்கள். மதகைத் திறந்தாக வேண்டும். கீழே ஆற்றுப் படுகையில் ஆடு மேய்க்கிறவர்கள் இருந்ததால், முதலில் சங்கு ஊத வேண்டும். மதகு சொன்னால்தான் சங்கு ஊதும், அப்படித்தான் ஏற்பாடு.

மதகு சொன்னது: "முரசறைவோனே, முழங்குக."

"இன்னா சொல்ற நீ?" என்றது சங்கு. "தமிள்ல பேசு."

மதகுக்குக் கோபம் வந்துவிட்டது. நாவடக்கம் அற்றவனோடு தான் உரையாடுவதில்லை என்றது. இசக்கியம்மாள் சங்கிடம் போய் ஆரோனைப் போலவே பேசிப் பார்த்தாள். அவளுடைய தெற்கத்தி ராகத்தைக் கேட்டுச் சங்கு சிரித்தது. மதகிடம் வந்து 'திறந்தருள்க' என்று கெஞ்சினாள். அவன் முதலில் மன்னிப்புக் கோரட்டும் என்றது மதகு. அதைச் சங்கிடம் சொன்னால், அவர் இன்னா பெரிய ஆளா என்று அது கேட்டது. இரண்டுக்கும் நடுவில் அவள் தூது போய்க்கொண்டிருக்கும்போதே மூடிக் கிடந்த மதகின் மேல் தண்ணீர் ஏறிக் கொட்டியது. அந்த இரைச்சலைக் கேட்டுப் பயந்த பிறகுதான், மதகு சொல்லாமலேயே சங்கு ஊதியது.

ஆட்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். ஆடுகள் போய்விட்டன. சொட்டச் சொட்ட நனைந்து, ஒரே ஒரு குட்டியை மார்போடு அணைத்தபடி, ஆடு மேய்க்கிறவர்களில் ஒருவரான சுடலைமுத்து அணைக்கு வந்தார். அவர் ஏசவில்லை.

"சங்கு ஏன் ஊதல, தாயி?" என்று மட்டும் கேட்டார்.

மரியாதை போதவில்லை என்று இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை அந்த மனிதரிடம் இசக்கியம்மாள் எந்த வாயால் சொல்வாள்?

அவர் போனதும் கணினி மெல்லப் பேசியது. மதகும் சங்கும் ஒரே குரலில், எல்லாரும் பேசுகிற சாதாரணத் தமிழில் சொன்னன: "தப்புதான் அக்கா. இனிமேல் ஒழுங்காகப் பேசுகிறோம்."

அதைக் கேட்டதும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு நேரமும் இந்தப் பேச்சை எங்க வச்சிருந்தே?" என்றாள். "இனி நீ பேசவும் வேண்டாம், புரிஞ்சுக்கவும் வேண்டாம். எழுதிக் கொடுக்கிறதை எழுதினபடி செய். ஒரு புள்ளி குறைஞ்சாலும் அப்படியே நில்லு."

சொன்ன கையோடு, அது கற்ற சொற்களையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். 'திற', 'மூடு' என்பதுபோல் வறட்டுச் சொற்கள் நாலைந்தை மட்டும் விட்டுவைத்தாள். கணினி ஏதோ சொல்ல வந்து, பாதியில் அடங்கிப்போனது.

மறுநாள் காலையில் முதல் கட்டளையை அவளேதான் எழுதினாள். மதகு அசையவில்லை. எங்கே தப்பு என்று கேட்டாள். பதில் இல்லை. மேசையைத் தட்டினாள், திட்டினாள், வரி வரியாகத் தேடினாள். கடைசியில் பார்த்தால், ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைச் சொல்லத்தான் அங்கே வாய் இல்லையே.

ஒரு புள்ளிக்காகக் கணினி வீம்பாக நிற்பதும், நாம் தலையைப் பிய்த்துக்கொள்வதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். சற்குணமும் ஆரோனும் அந்த வறட்டுச் சொற்களுக்குப் பதிலாகப் பழையபடி தங்கள் சொற்களை வைத்துப் பார்த்தார்கள்; புள்ளி தப்பாமல் எழுதினால் கணினி அதையும் செய்தது. நிரல் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் கேலிக்கென்று ராஜா காலத்துப் பேச்சிலும் தெருப் பேச்சிலும் நிரல் மொழிகள் செய்துகொண்டிருக்கிறார்கள். 'திறந்தருள்க' என்று எழுதினாலும் திறக்கிறது, 'தொற நைனா' என்று எழுதினாலும் திறக்கிறது. பதிலுக்குக் கணினி ஒரு வார்த்தை பேசுவதில்லை.