மண் பூதத்தோட கல்லா மண்ணா ஆட்டம்

ஒரு ஊர்ல ஒரு தெரு. தெருக் கோடியில ஒரு காலி மனை. பக்கத்து வீட்டுத் தொட்டி வழிஞ்சு வழிஞ்சு அங்க ஒரே சேறு. அந்தச் சேத்துக்குள்ள ஒரு மண் பூதம். முதுகெல்லாம் புல்லு முளைச்சு எப்பவும் அரிக்கும்.

ம் போடு குட்டி. போடலேன்னா அண்ணன் முழுக் கதையும் பூதக் குரல்லயே சொல்லுவேன். ம், அப்படி.

அஞ்சுகம்னு ஒரு பொண்ணு, ஒன்பது வயசு. அவளோட ஆட்டுக்குட்டி மொச்சை. ஒருநாள் மொச்சை துள்ளிக்கிட்டே போய்ச் சேத்துல பொதக். அஞ்சுகம் ஓடிவந்து பாத்தா, பூதம் குட்டியை மடியில வச்சிருக்கு.

"ஏய்ய்ய் பொண்ணு, மண்ணுல விழுந்ததெல்லாம் எனக்கு."

"அது எங்க குட்டி. குடுத்துடு."

"கல்லா மண்ணா ஆடுவோமா? மண்ணு எனக்கு, கல்லு உனக்கு. குட்டியைத் தூக்கிக்கிட்டுக் கல்லு மேலயே உங்க வீடு வரைக்கும் போ. மண்ணுல கால் பட்டுச்சோ, ரெண்டு பேரும் எனக்கு. ஆயுசுக்கும் என் முதுகைச் சொறியணும். நான் கல்லுல கால் வச்சா நான் அவுட்டு."

மொச்சை "ம்மே"ங்குது. இது நீ போட்ட ம்மா, குட்டி போட்டதா? சரி சரி, உதைக்காதே.

அப்புறம் அஞ்சுகம் குட்டியைத் தூக்கிக்கிட்டா. சேத்துல ஆளுங்க நடக்கச் செங்கல் வரிசையாப் போட்டிருந்துச்சு. அதுல ஏறினா. டக் டக் டக்.

"நில்லு. செங்கல்லு மண்ணுல செஞ்சது. நீ அவுட்டு."

"இத்தனை நாளா சேத்துல ஊறுதே, கரைஞ்சுதா? காலை வச்சுத் தேய்ச்சுப் பாரேன், தோலு உரியும். மண்ணு உரிக்குமா?"

பூதம் விரலால தேய்ச்சுது. சர்ர்ருக். "ஆஆ. சரி, போ."

அப்புறம் தார் ரோடு. வெயில்ல தார் இளகி, செருப்பு ப்ச்சக் ப்ச்சக்னு ஒட்டுது. பூதம் ரோட்டோர மண்ணுலயே கூட வந்துச்சு.

"கல்லு ஒட்டுமா? இது களிமண்ணு. நீ அவுட்டு."

"குனிஞ்சு பாரு. கறுப்புக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குறது என்ன?"

"ஜல்லி."

"கடலை மிட்டாய்ல பாகு ஒட்டுதுன்னு கடலை இல்லேன்னு சொல்லுவியா?"

பூதத்துக்கு எச்சில் ஊறிடுச்சு. "சொல்ல மாட்டேன். போ."

அப்போ வீடு தெரியுது, நாலே எட்டு. ஆனா யாரோ வீடு கட்ட லாரியில கொட்டின மணல், வாசலை மறிச்சுக் குவிஞ்சு கிடக்கு. சுத்திப் போகலாம்னா ரெண்டு பக்கமும் மண்ணு. அஞ்சுகம் யோசிக்கிறதுக்குள்ள மொச்சை கையிலேர்ந்து துள்ளி உச்சியில போய் நின்னுடுச்சு. ஆடாச்சே, மேடு பாத்தா விடுமா? அஞ்சுகமும் பின்னாடியே ஏறிட்டா.

"மாட்டுனீங்களா." பூதமும் ஒரே தாவல், தொபுக். முட்டி வரைக்கும் மணல். ஒரு கையில அவ சடை, ஒரு கையில குட்டியோட வாலு. "இது மண்ணு. முதுகு அரிக்குது, சொறி."

அஞ்சுகத்துக்கு அழுகை முட்டுது. ஆனா கை சும்மா இருக்கலை, மணலை அள்ளுது. விரலிடுக்குல எல்லாம் வழிஞ்சு போயிடுச்சு.

"சொறியறேன். முதல்ல இதுல ஒரு உருண்டை பிடிச்சுக் காட்டு."

பூதம் சடையை விட்டுட்டுப் பிடிச்சுது. பொலபொலபொல. இன்னொரு தடவை. பொலபொல.

"ஒட்ட மாட்டேங்குதே."

"வாயில போட்டுக் கடி."

கறுக்.

"மண்ணு இப்படிக் கத்துமா?"

பூதம் வாயில இருந்ததை உள்ளங்கையில துப்பிப் பாத்துச்சு.

"பொடிப் பொடியா அத்தனையும் கல்லு. நீ இப்போ எதுல நிக்குறே?"

பூதம் மெதுவாக் குனிஞ்சு தன் காலைப் பாத்துச்சு. வாலை விட்டுடுச்சு.

அஞ்சுகம் மொச்சையை அள்ளிக்கிட்டு அந்தப் பக்கம் சர்ர்ருனு சறுக்கி, வாசக் கதவைச் சாத்திட்டா. டப்.

பூதத்துக்கு மனசு ஆறலை. இவ்வளவு மணல்ல ஒண்ணாவது மண்ணா இருக்காதான்னு குவியல்லயே உக்காந்து ஒவ்வொண்ணாக் கடிச்சுப் பாக்குது. ஒண்ணு... கறுக். ரெண்டு... கறுக். மூணு... கறுக். நீயும் கூட எண்ணு குட்டி. நாலு... கறுக்...

ம் நின்னுடுச்சு. கதையும் படுத்துடுச்சு, நீயும் படு.