மஞ்சுக்குள் விழுந்த கோல்

நெடுந்தொடர்களுக்குக் கதை பேசும் அறைகளில் வழங்கிவரும் கதை இது. சொல்பவர் மாறும்போது ஊரின் பெயர் மாறும். சட்டையின் நிறம் மாறும். தோற்ற அணி சிலர் வாயில் வென்றுவிடுவதும் உண்டு. இங்கே வருவது, அந்த மலையை அறிந்தவர்கள் சொல்லும் வடிவம்.

லூர்துராஜ் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் காட்சியும் வசனமும் எழுதுபவர். தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் தையல்நாயகியிடம் தொழில் கற்க வந்தார். தையல்நாயகி அவரைவிட இளையவர்; பல தொடர்களின் கதைக்குத் தலைமை தாங்கியவர். லூர்துராஜ் அவரை ‘மேடம்’ என்பார். தையல்நாயகி ‘லூர்து’ என்பார். மரியாதை இருபக்கமும் குறைந்ததில்லை.

லூர்துராஜுக்கு இன்னொரு பக்தியும் இருந்தது. மஞ்சம்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் அவர் பிறந்த இடம். மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் ஆண்டுக்கொரு முறை கால்பந்துப் போட்டி நடக்கும். சென்னைக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகியும் அந்தப் போட்டிக்கு அவர் போகாமல் இருந்ததில்லை. மேல் டிவிஷனுக்கு நீலச் சட்டை. கீழ் டிவிஷனுக்கு மஞ்சள். பூக்காரியிடம் சாமந்தி வாங்கக்கூட இவர் விடமாட்டார் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அந்தப் பக்தி எழுத்திலும் கசிந்தது. அப்போது அவர் எழுதிவந்த தொடரில் ரேணுகாதேவி என்று ஒரு மூத்த மருமகள். இளைய மருமகள் தாரிணியை ஓயாமல் வதைப்பவள். அவளுக்குத் துணைநிற்கும் தம்பிமார் ஒவ்வொருவருக்கும் கீழ் டிவிஷன் ஆட்டக்காரர் ஒருவரின் பெயர். கதைக்குழுவில் எவருக்கும் இது தெரியாது. மலையில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை தொடருக்கு ஆபத்து வந்தது. மாமியார், வீட்டுச் சாவிக்கொத்தை இளையவள் தாரிணியிடம் கொடுத்துவிட, மூத்தவள் ரேணுகாதேவி அதைக் கேட்க வருகிறாள். அதுதான் காட்சி. ரேணுகாதேவியாக நடிக்கும் ரத்னமாலா தாள்களைப் படித்துப் பார்த்து மேசைமேல் வைத்துவிட்டார்.

“இத்தனை நாளா கத்திட்டேன் சார். பூ ஜாடிய உடைச்சிட்டேன். சமையல்ல மிளகாய்ப்பொடி கலந்துட்டேன். எதுக்காகன்னு ஒருநாளாவது சொல்லியிருக்கீங்களா? இதுலயும் ஜாடிதான் உடையுது. என்னால முடியாது.”

சேனல் பொறுப்பாளர் அதிகம் பேசவில்லை. புதன்கிழமை படப்பிடிப்பு என்றார். அதற்குள் ரத்னமாலா ஏற்கும்படி காட்சி அமையாவிட்டால் தொடர் வேறு ஒருவர் கைக்குப் போகும் என்றார். லூர்துராஜ் தாமே உருவாக்கி வளர்த்த முதல் தொடர் அது.

அவர் தையல்நாயகியின் அறைக்குப் போனார்.

“மேடம், கெட்டவளுக்கு வசனம் எப்படி எழுதறது?”

தையல்நாயகி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை உங்க மேட்ச் இருக்குல்ல?”

லூர்துராஜ் தலை குனிந்தார். வேலை இந்த நிலையில் இருக்க, போவதில்லை என்று முடிவுசெய்திருந்தார். ஆனாலும் பயணச்சீட்டை ரத்துசெய்ய மனம் வரவில்லை. அதையும் அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

“நானும் வர்றேன்” என்றார் தையல்நாயகி.

அவர் அதுவரை ஒரு பந்தாட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

மஞ்சம்பாறை மைதானம் மலையின் முதுகில் இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவரும்; மஞ்சு என்பார்கள் அங்கே. முதலில் சவுக்கு மரங்களின் கால்கள் மறையும், பிறகு இடுப்பு, பிறகு உச்சிகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதக்கும். அதற்குப் பின் எதுவும் இராது.

மஞ்சுக்காக ஆட்டத்தை நிறுத்தும் வழக்கம் அங்கே இல்லை. மஞ்சு மைதானத்தை மூடியதும் பார்வையாளர்கள் வாய் மூடிவிட வேண்டும் என்பதுதான் வழக்கம். கைதட்டலும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் குரலால் தேடிக்கொள்ள அந்த அமைதி வேண்டும். இவ்வழக்கம் எப்போது தொடங்கிற்று என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. எவரும் அதை மீறியதில்லை என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது.

லூர்துராஜ் நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றி, தம் தங்கையின் கணவர் சவரிமுத்துவின் பக்கத்தில் அமர்ந்தார். மேல் டிவிஷன் அணியை நடத்துபவர் சவரிமுத்துதான். தையல்நாயகி வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு இவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

கயிற்றுக்கு அப்பால் கீழ் டிவிஷன் கூட்டம். அங்கிருந்து பூங்காவனம் என்ற கொழுந்து பறிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணே, எங்க கோல் கீப்பரைப் போன வாரம் ஜெயில்ல போட்டுட்டீங்க. இன்னைக்கு ஜாமீன்ல விட்டிருக்கீங்களா?”

இருபக்கமும் சிரித்தார்கள். லூர்துராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று விறைப்பாகச் சொன்னார். அப்படியானால் எங்கள் ஆரோக்கியத்தையாவது மிளகாய்ப்பொடி வழக்கிலிருந்து விடுவியுங்கள், அவன் வீட்டில் சுடுதண்ணீர் வைக்கக்கூடத் தெரியாதவன் என்றாள் பூங்காவனம். ஆரோக்கியம் கீழ் டிவிஷனின் முன்கள ஆட்டக்காரர்.

இடைவேளை வரை கோல் விழவில்லை. இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் மஞ்சு ஏறியது.

பேச்சு நின்றது. குழந்தைகளின் வாயில் தாய்மார் விரல் வைத்தார்கள். எதிர்க் கோல்கம்பம் கரைந்தது, நடுக்கோடு கரைந்தது, தமக்கு முன்னால் இருந்த தலைகள் கரைந்தன. ஒலிகள் மட்டும் எஞ்சின. ஈரப் புல்லில் ஓடும் கால்கள். பந்தின் தொப்பென்ற சத்தம். எங்கோ ஒரு கைத்தட்டு. அது ஓர் ஆட்டக்காரர் தம் இருப்பைச் சொல்வது. “இங்க”, “இங்க” என்று வெள்ளைக்குள்ளிருந்து குரல்கள் வந்தன. ஒவ்வொன்றும் நெடுந்தொலைவிலிருந்தும் காதருகிலிருந்தும் ஒரே சமயத்தில் வருவதுபோல் இருந்தது. தாம் விழித்திருக்கிறோமா என்று லூர்துராஜுக்கு ஐயம் வந்தது. கன்னத்தில் விழுந்த நீர் குளிர்ந்தது. விழித்துத்தான் இருந்தார்.

அப்போது மஞ்சில் ஒரு சன்னல் திறந்தது.

சன்னலுக்குள் ஓர் உருவம் நின்றது. முகம் இல்லை, நிறம் இல்லை, நிழல் மட்டும். உயரத்திலிருந்து பந்து இறங்கி வந்தது. கைமாறும் குழந்தையை வாங்குவதுபோல் அந்த உருவம் பந்தை மார்பில் வாங்கித் தரையில் விட்டது. ஒருவன் சறுக்கிக்கொண்டு குறுக்கே வந்து, எதையும் தொடாமல் மறுபக்க வெள்ளைக்குள் போய் மறைந்தான். கோல் எதிரிலேயே இருந்தது. அந்த உருவம் உதைக்கவில்லை. காத்திருந்தது. மலையே காத்திருந்தது. கோல் கீப்பரின் நிழல் ஓரடி முன்னால் நகர்ந்தது. அதற்கெனவே காத்திருந்ததுபோல் உருவம் பந்தைப் பாதத்தின் உட்புறத்தால் இடப்பக்கம் தள்ளிவிட்டது. அங்கே ஒருவரும் இல்லை என்றுதான் தோன்றியது. இருந்தார். வலையில் கோத்திருந்த நீர்த்துளிகள் அனைத்தும் ஒருசேர உதிர்ந்தன.

“ஆகா! அழகுடா, அழகு!”

அந்தப் பேரமைதியில் மலை முழுதும் கேட்ட குரல் அது ஒன்றுதான். அது தம்முடைய குரல் என்பதையும், தாம் எழுந்து நிற்பதையும் லூர்துராஜ் சற்றுப் பிந்தியே அறிந்தார்.

மஞ்சு விலகியது. வலைக்கு அருகில் நின்று கட்டித் தழுவிக்கொண்டவர்கள் மஞ்சள் சட்டைக்காரர்கள். பந்தைத் தள்ளிவிட்டவர் ஆரோக்கியம்.

மேல் டிவிஷன் முழுவதும் லூர்துராஜைத் திரும்பிப் பார்த்தது. சவரிமுத்து மட்டும் மைதானத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“குரல் நல்லா இருக்கு மச்சான்.”

கயிற்றுக்கு அப்பாலிருந்து பூங்காவனம் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், தேநீர் தருகிறோம் என்று உபசரித்தாள். அந்த ஒரு கோலில் கீழ் டிவிஷன் வென்றது. போட்டி முடிந்து தங்கை வீட்டில் நடந்த விருந்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். லூர்துராஜின் இலைக்கு மட்டும் குழம்பு கடைசியாக வந்தது.

ரயில் நிலையத்துக்குக் கார் மலையிறங்கியது. வளைவுக்கு வளைவு மஞ்சு வழிவிட்டு, பின்னால் மூடிக்கொண்டது. லூர்துராஜ் நீலத் துண்டை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். இனி எந்த முகத்தோடு அந்த மைதானத்துக்குப் போவது என்று ஒருமுறை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

தையல்நாயகி கேட்டார்: “அவர் ஏன் உடனே உதைக்கல?”

“யாரு, ஆரோக்கியமா?” லூர்துராஜ் நிமிர்ந்தார். “அவருக்கு வலது முட்டி போயிடுச்சு மேடம். பலமா உதைச்சா அன்னைக்கு ஆட்டம் அதோட முடிஞ்சுது. அது அவருக்குத் தெரியும். எங்க கீப்பருக்குத் தெரியாது. அதான் காத்திருந்தார்.”

பிறகு அவர் நிறுத்தவில்லை. முட்டி எந்த ஆட்டத்தில் போயிற்று, வந்து மோதியவர் யார், ஆட்டத்தை விட்டுவிடும்படி மனைவி மன்றாடியும் அவர் ஏன் விடவில்லை, முன்னொரு முறை கோலுக்கு முன் பந்தைத் தாமே வைத்துக்கொண்டு தோற்றதில் சொந்த அணியே அவரைப் புறக்கணித்தது, அன்றிலிருந்து பந்தைப் பிறருக்குத் தருவதில் அவருக்கு ஏற்பட்ட வெறி என்று அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். சமவெளி வந்துவிட்டது. புளியமரங்கள் வந்துவிட்டன.

“இவ்வளவும் தெரியுமா அவரைப் பத்தி?”

“எதிராளி மேடம். தெரியாம இருக்க முடியுமா?”

“ரேணுகாதேவியப் பத்தி?”

லூர்துராஜ் நீலத் துண்டை மறுபடியும் பிசையத் தொடங்கினார். ரயிலேறிச் சென்னை வரும்வரை தையல்நாயகி கண்மூடி உறங்கினார். சிலர், அவர் உறங்குவதுபோல் இருந்தார் என்பர்.

புதன்கிழமை காலை படப்பிடிப்பு வீட்டின் கூடத்தில் ரத்னமாலா தாள்களை நின்றவாறு படிக்கத் தொடங்கினார். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு தமக்கு மட்டும் கேட்கும் குரலில் அதைச் சொல்லிப் பார்த்தார்.

“உக்காரு தாரிணி. நான் சண்டைக்கு வரல. இந்த வீட்டுக்கு நான் வந்தப்ப என் கையில யாரும் சாவி தரல. தருவாங்கன்னு காத்திருந்தேன். குனிஞ்சு வேலை செஞ்சா ஒருநாள் தருவாங்கன்னு நினைச்சேன். நீ வந்த மறுமாசமே ‘அத்தை, சாவி எங்கிட்ட இருக்கட்டுமே’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்ட. உடனே குடுத்துட்டாங்க. கேட்டா கிடைக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையேடி. அதுதான் எனக்குப் பொறுக்கல. இப்ப நான் கேக்குறேன். குடு.”

கூடத்தில் விளக்கு பொருத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தாரிணியாக நடிப்பவர் தம்மையறியாமல் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ரத்னமாலா எழுந்தார். ஒப்பனைக்காரரை அழைத்து, பெரிய பொட்டு வேண்டாம், சிறியதாக வைத்தால் போதும் என்றார். லூர்துராஜைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஒப்பனை அறைக்குப் போனார். சேனல் பொறுப்பாளர் காமிராவைத் தயார் செய்யச் சொன்னார்.

காட்சி அமைந்துவிட்டது. தொடர் லூர்துராஜின் கையிலேயே நின்றது. ஆனால் அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, சன்னலோரம் நின்ற தையல்நாயகியிடம் விரைந்தார்.

“மேடம், தப்புப் பண்ணிட்டேன்னு தோணுது. இதைப் பார்த்தா ஜனங்க ரேணுகாதேவி பக்கம் போயிடுவாங்க. தாரிணி நம்ம கதாநாயகி. கடைசியில ஒரு வரி சேர்த்துடறேன். ரேணுகா திரும்பி நின்னு ஒரு கள்ளச் சிரிப்பு சிரிக்கட்டும். பின்னால இடி இடிக்கட்டும். யாரு நல்லவ, யாரு கெட்டவன்னு தெரிஞ்சுடும்.”

கூடத்தில் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் ரேணுகாதேவி தாரிணியின் எதிரே வந்து, இன்னும் பேசத் தொடங்காமல், நின்றாள்.

தையல்நாயகி அவளைப் பார்த்தபடியே பேனாவின் மூடியை வாங்கி லூர்துராஜின் பேனாவில் மாட்டினார்.

“பந்து இப்ப அவகிட்ட இருக்கு லூர்து. நீங்க எதுக்கு விசில் ஊதறீங்க?”