உச்சியைத் தொட்ட கை

பட்டணத்துப் பிள்ளைகள் முதுகில் மூட்டையும் கையில் கோலுமாக வரிசை கட்டி ஏறுகிற ஊசிக்கரடு மலைக்கு நேர் கீழேதான் கோணவாய்க்கால் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருத்தரும் ஏறியதில்லை. மேலே போகப் போக ஊர் சின்னதாகிவிடுமாம்; திரும்பி வந்தால் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யோசித்தே பல தலைமுறை போய்விட்டது.

நாச்சிமுத்து மட்டும் ஏறியே ஆகவேண்டியதாயிற்று. பூவாத்தாளைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா செங்கோடன், "உச்சியைத் தொட்ட கையிலதான் எம் பொண்ணைப் பிடிச்சுக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

கூட்டாளிகள் தொட்டண்ணனும் பொங்கியண்ணனும் துணைக்குப் போனார்கள். உச்சிப் பாறையில் நாச்சிமுத்து வலது கையை வைத்தான்.

"நல்லா அழுத்துடா. மேலாகத் தொட்டா வழியிலேயே ஆறிப்போயிரும்" என்றான் தொட்டண்ணன்.

"இனி அந்தக் கை வேறெதையும் தொடக் கூடாது. தொட்டா, அதுல உச்சி எது, மத்தது எதுன்னு மாமா எப்படிப் பிரிச்சுப் பார்ப்பாரு?" என்றான் பொங்கியண்ணன்.

கையைத் தூக்கிப் பிடித்தபடியே நாச்சிமுத்து இறங்கினான். பாதி மலையில் கால் வழுக்க, அந்தக் கையாலேயே ஒரு வேரைப் பிடித்துவிட்டான். மூவரும் எழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

"வேரைத் தொட்ட கைக்கு யாருடா பொண்ணு தருவா?" என்றான் பொங்கியண்ணன்.

மூவரும் மறுபடி ஏற, நாச்சிமுத்து தொட்டான். இந்தத் தடவை உள்ளங்கையில் ஒரு ஈ உட்கார்ந்தது. நெடுநேரம் பேசி, கை ஈயைத் தொடவில்லை, ஈதான் கையைத் தொட்டது, ஆகவே குற்றமில்லை என்று முடிவு கட்டினார்கள்.

மத்தியானம் வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளையின் கையைச் செங்கோடன் முகர்ந்து பார்த்தார். பிறகு தன் கையை அதன்மேல் வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"நானும் உச்சியைத் தொட்டுட்டேனப்பா. என்னமாக் குளிருது."

அவ்வளவுதான், ஊரே வரிசையில் நின்றது. சிலர் கம்பளியோடு வந்தார்கள். வரிசையின் நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்த ஒருத்தர், "இன்னும் ஏத்தம் எவ்வளவு இருக்குதுங்க?" என்று கேட்டுத் தண்ணீர் குடித்தார்.

எல்லாரும் தொட்டு முடித்ததும் செங்கோடனுக்குத் தலை சுற்றியது. "உச்சியைத் தொட்ட கை இப்ப நாப்பத்திரண்டு இருக்குது. எந்தக் கையில பிடிச்சுக் கொடுக்கறது? அதுல என் கையும் ஒண்ணு."

நாச்சிமுத்து தன் கையை மறுபடி மேலே தூக்கிப் பிடித்தான். இரண்டு தடவை ஏறியும் பெண் போய்விடும் போலிருந்தது.

நிலைப்படியில் நின்ற பூவாத்தாள் சொன்னாள்: "யாரு முதல்ல கீழ இறங்கி வர்றாங்களோ, அவங்களுக்குன்னு வெச்சுக்குங்கப்பா."

நியாயமாகப் பட்டது. எல்லாரும் உச்சியிலிருந்து காலடியில் எட்டிப் பார்த்தார்கள். நல்ல சரிவு. ஒருத்தரும் அசையவில்லை. மத்தியானமே இறங்கிவிட்ட நாச்சிமுத்து மட்டும் நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிந்தது. மற்றவர்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்; பனி விலகட்டும் என்கிறார்கள். செங்கோடனும் மேலேயிருந்தேதான் அட்சதை போட்டார். கீழே இருக்கிறவர்கள் மண்டை உடைந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு அரிசிக்கும் "தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே.