இருவாச்சிக்குக் கட்டிய வீடு

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடொன்றை ஆண்ட அரசனுக்கு ஓர் ஆசை வந்துவிட்டால் போதும், மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த வருடம் அவனுக்கு இருவாச்சிமேல் ஆசை. மஞ்சள் அலகும் அதன்மேல் கொம்புமாகக் காட்டில் பழம் தின்று திரிந்த ஆண் பறவையை வலைபோட்டுப் பிடித்து, தங்கக் கூண்டில் அடைத்தார்கள். பாவம், அன்று முழுக்க அது ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை.

விகடகவி செவ்வந்தியப்பன் அரசன்முன் வந்து நின்றான். அவன் அந்த மலையில் பிறந்தவன்.

"அரசே, இது குஞ்சு பொரிக்கும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தானே பூசி அடைத்திருக்கும். சிறு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர். இதை விட்டுவிடுங்கள்."

"பறவைக்குக் குடும்பக் கவலையா?" என்றான் அரசன். அவையே சிரித்தது.

தளவாய் உத்தண்டராயருக்கு விகடகவியைக் கண்டாலே ஆகாது. சமயம் பார்த்து எழுந்தார்.

"பிரபு, இவ்வளவு அறிந்தவரே பொறுப்பேற்கட்டும். இதற்குக் காட்டில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் அரண்மனைத் தோட்டத்தில் அமைத்துத் தரட்டும். ஒன்று குறைந்தாலும் தலை போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். எந்தப் பொருளையும் எந்த ஆளையும் எடுத்துக்கொள்."

"எந்த ஆளும்தானே, அரசே?"

"என்னைத் தவிர."

செவ்வந்தியப்பன் கூண்டுக்கு எதிரே சின்ன மண் அறை ஒன்று கட்டினான். அதற்கே நாட்கள் ஓடிவிட்டன. பொந்துக்குள் கிடப்பவற்றை நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. முடிந்ததும், குறை ஏதும் உண்டா என்று பார்க்கத் தளவாயை அழைத்தான். குறை சொல்வதென்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். உள்ளே நுழைந்தார். கொத்தர்கள் வாசலைப் பூசி அடைத்தார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு துவாரம் மட்டும் விட்டார்கள்.

மறுநாள் அரசன் வந்தபோது துவாரத்தில் தளவாயின் மூக்கு தெரிந்தது.

"பிரபு, நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. செத்துப்போவேன் போலிருக்கிறது."

"என்னடா இது?" என்றான் அரசன்.

"காட்டில் உள்ளபடி அமைத்தேன், அரசே. இவர்தான் பொந்துக்குள் இருக்கும் பெண் பறவை. ஊட்ட வேண்டியவர் அதோ, கூண்டில்."

"பூட்டிய கூண்டிலிருந்து அது எப்படியடா ஊட்டும்?"

"அதைத்தானே அன்று அவையில் சொல்லிப் பார்த்தேன்."

அரசன் கூண்டைப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான். "சரி, இரண்டையும் திறந்துவிடுங்கள்."

பறவை மலையைப் பார்த்துப் பறந்தது. வலைபோட்ட வேடனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, செவ்வந்தியப்பன் அதைப் பிடித்த இடத்துக்கே விரைந்தான். ஆண் பறவை பொந்தின் வாயில் தொற்றிக்கொண்டு, அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகக் கீறலில் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து எந்த அலகும் வரவில்லை. பழங்கள் கீழே விழுந்தன. அது மறுபடி பழம் தேடிப் போயிற்று. ஊரையே சிரிக்கவைத்தவன் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அவையில் அரசன் முத்துமாலையோடு காத்திருந்தான்.

"உன் பறவை வீடு போய்ச் சேர்ந்ததா?"

"சேர்ந்தது, அரசே. ஊட்டிக்கொண்டே இருக்கிறது."

"தளவாயைவிட அதன் பெண்டாட்டி கொடுத்துவைத்தவள்," என்று அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவையும் சேர்ந்து சிரித்தது.

சிரித்தபடியே அரசன் மாலையை எடுத்தான். செவ்வந்தியப்பன் கழுத்தை நீட்டினான்.