பூதத்தான் தேய்த்த கார்

கருவநல்லூர் பூதத்தான் நல்லவன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாமனார் செல்லையா தன் புதுக் கறுப்புக் காரை ஈரத்துணியால் துடைத்து வைக்கச் சொன்னார். இவனோ மரியாதை மிகுதியில் சட்டி தேய்க்கும் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டான். பானெட் முழுக்கக் கோடும் சுழியுமாகக் கீறல்.

செல்லையாவுக்குக் கோபம் வந்தால் மருமகன் என்றும் பார்க்க மாட்டார். அவர் மதுரையிலிருந்து நாலு மணி பஸ்ஸில் வருகிறார். பூதத்தான் மச்சினன்மார் சங்கிலி, வன்னியமுத்து இருவரையும் கூட்டிக்கொண்டு பெயிண்டர் அருளப்பனிடம் ஓடினான். அவர் பாலிஷ் டப்பாவும் துணியும் கொடுத்தார்.

“நிழல்ல வச்சுத்தான் தேய்க்கணும். நகத்தால தடவிப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா அந்தக் கீறல் போவாது. முகம் தெரிஞ்சதும் நிறுத்திருங்க.”

காரை வேப்பமரத்து நிழலில் விட்டுத் தேய்த்தார்கள். சற்று நேரத்தில் வன்னியமுத்து அலறினான்.

“அத்தான், நிழல் ஓடுது!”

“விடாதல, தள்ளு!”

ஒரு கை காரைத் தள்ள, மறு கை தேய்த்தது. அப்படியே முற்றத்தைக் கடந்து தெருவுக்கு வந்துவிட்டார்கள். அப்போது பார்த்து ஒரு மேகம் வந்து ஊர் முழுக்க நிழலாகிவிட்டது. மூவரும் திகைத்துப் போனார்கள்.

“இதுல நம்ம நிழல் எதுல?” என்றான் பூதத்தான்.

யாருக்கும் தெரியவில்லை. மேகம் விலகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பிறகு பூதத்தான் நகத்தால் தடவினான். மாட்டியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இம்புட்டு நகத்தை வளத்து வச்சிருந்தா மாட்டாம என்ன செய்யும்?” என்று சங்கிலி நகவெட்டியை எடுத்து வந்தான். மூவரும் ஒட்ட வெட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வன்னியமுத்து கால் நகத்தையும் வெட்டிக்கொண்டான். இப்போது தடவினால் எங்கும் மாட்டவில்லை. பூதத்தானுக்கு உயிர் வந்தது. இன்னும் வேகமாகத் தேய்த்தார்கள்.

மூன்றரைக்கு பானெட்டில் குனிந்த சங்கிலி சொன்னான்: “அத்தான், முகம் தெரியுது. ஆனா எம் முகம் இல்ல.”

“எப்படிச் சொல்லுத?”

“எனக்கு மச்சம் இடது கன்னத்துல. இவனுக்கு வலது கன்னத்துல இருக்கு.”

பூதத்தானும் பார்த்தான். உண்மைதான்.

“வேற எவனையோ தேய்ச்சு எடுத்துட்டோமேல!”

வன்னியமுத்து வெகுநேரம் யோசித்தான். “அண்ணனுக்கு வலது கன்னத்துல ஒரு மச்சம் வச்சா, இவனுக்கு இடது கன்னத்துல வந்துரும்லா?”

அடுப்புக்கரியால் வைத்தார்கள். வந்துவிட்டது. அந்த நேரம் செல்லையாவும் வந்துவிட்டார்.

பூதத்தான் கைகூப்பி, நார் முதல் கரி வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். செல்லையா மகன் சங்கிலியைப் பக்கத்தில் நிறுத்தி, பானெட்டில் குனிந்து, நெடுநேரம் பார்த்தார். பூதத்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

“கீறல் கெடக்கட்டும் மாப்ள,” என்றார் செல்லையா. “எம் மவனுக்கு ஒரு மச்சம்தானே? இவனுக்கு ரெண்டு இருக்கே! இதை வச்சுக்கிட்டு நாளைக்கு எப்படி வெளிய போக? ஆடாம பிடிங்க.”

பூதத்தானும் வன்னியமுத்தும் ஆளுக்கொரு பக்கம் பானெட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். செல்லையா வேட்டியை மடித்துக் கட்டி, உள்ளே இருப்பவனுக்கு வலிக்காமல், வலது கன்னத்தை மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார்.